பலகை யாரைப் பார்த்துப் பேசுகிறது?

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

'கரம் சிரம் புறம் நீட்டாதீர்.' அரசு பஸ்ஸில் ஜன்னலுக்கு மேலே இதைப் படித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். டாக்டரிடம் போய் 'சிரம் வலிக்கிறது' என்று சொன்னவர் இந்த அவையில் யாரும் இருக்கமாட்டீர்கள். ஆனாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட ஒப்பித்துவிடுவோம். முதல் மூன்று சொல்லுக்கும் மூன்று மூன்று எழுத்து, ரம், ரம், றம் என்று ஒரே தாளம். ஒடுங்கிய தகட்டிலும் அடங்கிவிடுகிறது.

ஓசை இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடைசிச் சொல். 'நீட்டாதே' என்று எழுதிப் பாருங்கள். 'யாரைப் பார்த்து நீட்டாதேங்கிற?' என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். 'நீட்டாதீங்க' என்றால் கண்டக்டர் பேசுகிற மாதிரி இருக்கும். தமிழில் வாயைத் திறக்கும் முன்பே எதிரில் இருப்பவர் பெரியவரா சின்னவரா என்று முடிவு செய்தாக வேண்டும். பலகைக்கு அது தெரியாது. ஜன்னலோரத்தில் பள்ளிக்கூடப் பையனும் உட்காருவான், ஓய்வுபெற்ற தாசில்தாரும் உட்காருவார். '-ஈர்' என்ற பழைய விகுதி இருவரையும் ஒரே மரியாதையில் நிறுத்திவிடுகிறது. திருநெல்வேலிக்காரர்கள் 'வாரும்வே' என்று அந்த 'நீர்' குடும்பத்தை இன்னும் வாயில் வைத்திருக்கிறார்கள்.

ஊர் எல்லையில் இருக்கும் 'வருக', 'நன்றி, மீண்டும் வருக' இன்னும் ஒரு படி மேலே. அது வியங்கோள், அதாவது வாழ்த்தவும் வேண்டவும் விதிக்கவும் வரும் வினை வடிவம். நன்னூல் என்ற பழைய இலக்கண நூலின் கணக்குப்படி நான், நீ, அவன் என்ற இடம், ஆண், பெண் என்ற பால் எல்லாவற்றுக்கும் பொது. காரில் வருபவரையும் வரவேற்கும், பின்னால் வருகிற மாட்டையும் வரவேற்கும்! பஸ்ஸில் டிரைவர் பக்கம் எழுதியிருக்கும் குறளில் வருகிற 'கற்க', 'காக்க' எல்லாம் இந்த வகைதான். யாரோ ஒருவர் அதட்டுகிறார் என்று தோன்றாததால் கோபமும் வருவதில்லை.

சரி, அதற்காகப் பழைய நடை எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. கட்டளைக்கு அது பொருந்துகிறது, வழிகாட்டுவதற்குப் பொருந்தாது. அரசு ஆஸ்பத்திரியில் 'ஊடுகதிர்ப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு, 'எக்ஸ்ரே எங்க எடுக்கிறாங்க தம்பி?' என்று கேட்கிற பாட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 'எக்ஸ்ரே' என்று எழுத எவ்வளவு பெயிண்ட் ஆகிவிடும்? பஸ்ஸில் 'அவசர வழி' என்று எழுதியிருக்கிறதே, அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அதைவிட மோசம், தண்டனை சொல்லும் பலகைகள். ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி தொங்குகிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆவது பிரிவுப்படி, தக்க காரணம் இல்லாமல் இழுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொகை எல்லோருக்கும் புரிகிறது. 'தக்க காரணம்' எது? தண்ணீர் பிடிக்க இறங்கிய அப்பா பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார், வண்டி கிளம்பிவிட்டது. மகள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இழுக்கலாமா கூடாதா என்று அந்த நேரத்தில் சட்ட நடையைப் பிரித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? 'உயிருக்கு ஆபத்து, தீ, யாராவது விழுந்துவிட்டார், இந்த மாதிரி நேரத்தில் இழுங்கள்' என்று நாலு உதாரணம் அங்கே வேண்டும். அபராதத்தை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளட்டும்.