ஏலியின் பிள்ளைகளும் அதே ஆலயத்தில்தான் வளர்ந்தார்கள்

(கோத்தகிரியில் ஒரு சபையின் அறுப்பின் பண்டிகையை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: கிறிஸ்தவப் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியது திருச்சபைப் பள்ளியிலா, அரசுப் பள்ளியிலா? ‘அரசுப் பள்ளியிலே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, ஆயர் ஐயா அவர்களே, எதிரணிச் சகோதரர் சகோதரிகளே, ஏலத்துக்கு வந்திருக்கும் கேரட்டையும் முட்டைக்கோசையும் விட்டுவிட்டு எங்கள் வாய்ச்சண்டையைக் கேட்க வந்திருக்கும் சபையாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பவள். ஆகவே கட்சி கட்டித்தான் பேசுவேன். நடுநிலை நடுவரிடம் இருந்தால் போதும்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி மூன்று காரணங்கள் சொன்னார். திருச்சபைப் பள்ளியில் தினமும் ஜெபம், வாரந்தோறும் வேதபாடம், அதனால் பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்பது ஒன்று. மிஷனரிமார் உயிரைக் கொடுத்துக் கட்டிய பள்ளிகளை நாமே கைவிடலாமா என்பது இரண்டு. ஒழுக்கமும் ஆங்கிலமும் அங்கேதான் கிடைக்கும் என்பது மூன்று. நடுவே வேதாகமத்தில் வரும் சாமுவேலின் தாய் அன்னாளையும் அழைத்துவந்தார். சாமுவேல் பால் மறந்ததும் சீலோவுக்குக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாளே, அவளைப் போல நாமும் விட வேண்டாமா என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் சொன்னார்.

ஆனால் அந்த அதிகாரத்தைச் சகோதரி பாதியில் மூடி வைத்துவிட்டார். அதே சீலோவில், அதே ஆசாரியன் ஏலியின் கண்முன்னே, அதே விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஓப்னி, பினெகாஸ். ஏலி பெற்ற பிள்ளைகள். பலியிட வந்தவர்களின் கொப்பரையிலிருந்து இறைச்சியை ஆள்விட்டு எடுத்துக்கொண்டவர்கள். கட்டடம் ஒன்று, காலை மாலை ஆராதனை ஒன்று. ஒருவன் தீர்க்கதரிசியானான், இருவர் கெட்டுப்போனார்கள். அப்படியானால் வித்தியாசம் பள்ளிக்கூடத்திலா இருந்தது? சாமுவேலுக்கு வருடந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு மலையேறி வந்த தாய் இருந்தாள். ஏலியோ, பிள்ளைகள் செய்வது தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை என்று வேதமே சொல்கிறது.

பவுல் அப்போஸ்தலரின் சீடன் தீமோத்தேயு எந்தத் திருச்சபைப் பள்ளியில் படித்தான்? தகப்பன் கிரேக்கன். ஊரில் கிறிஸ்தவப் பள்ளி ஏது? அவனுக்குள் இருந்த விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்றுதான் பவுல் எழுதுகிறார். தாளாளர் பெயரை எழுதவில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார் இதைக் கொஞ்சம் பெருமையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வேதபாட வகுப்புக்கு வருவோம். நம் மலையில் திருச்சபைப் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் மற்ற மதத்துப் பிள்ளைகள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் யாரையும் சமய போதனைக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே மணி அடித்ததும் நம் பிள்ளைகள் ஓர் அறைக்கு வேதபாடத்துக்குப் போகும், மற்றவை இன்னோர் அறையில் நன்னெறிக் கல்விக்கு உட்காரும். வாரத்தில் ஒரு பாடவேளை. அதற்கும் பரீட்சை, அதற்கும் மதிப்பெண். பத்துக் கட்டளையைப் பத்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பிள்ளை, பரீட்சை முடிந்ததும் பாலைவனப் பயணத்தையும் பானிபட் போரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறது.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஆராதனையில் வாலிபர் யாரையாவது வேதபாடம் வாசிக்க அழைத்துப் பாருங்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளை தமிழ் வேதாகமத்தைக் கையில் வாங்கியதும் முகம் வெளுக்கிறது. ‘நேபுகாத்நேச்சார்’ வந்தால் கேட்கவே வேண்டாம், இடறாத எழுத்தில்லை. கீர்த்தனை பாட நிமிர்ந்தால், தமிழ்ப் பாட்டு திரையில் ஆங்கில எழுத்தில் ஓடுகிறது. ல, ள இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டன, ன, ண, ந மூன்றும் ஒரே எழுத்தாகிவிட்டன. பாட்டி கீர்த்தனையைப் பாடுகிறாள், பேரன் திரையைப் பாடுகிறான். நாம் எதற்காக அந்தப் பள்ளியில் சேர்த்தோம்? வேதம் படிக்க வேண்டும் என்றுதானே? வேதத்தையே வாசிக்கத் தெரியாமல் அனுப்பிவைத்தால், ஜெபத்தோடு தொடங்கிய நாள்கள் என்ன ஆயின? என் ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்துவிடும். அதை நான் ஜெபித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தேன்.

இனி மிஷனரிமார். அவர்கள் பெயரைச் சொன்னால் எனக்கும் தலை தாழும். ஆனால் அவர்கள் யாருக்குப் பள்ளி கட்டினார்கள்? 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு மறு ஆண்டே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், அந்த நாளில் அவர்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்க எவரும் இல்லை என்பதால். இங்கே பக்கத்தில், கெத்திப் பள்ளத்தாக்கில், கசமேஜர் என்ற ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரி படுகர் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார்; 1849இல் இறந்தபோது தம் சொத்தைப் பாசல் மிஷன் என்ற மிஷனரி அமைப்புக்கு விட்டுச் சென்றார். இவையெல்லாம் பள்ளியே இல்லாத பிள்ளைக்குத் திறந்த கதவுகள். சொந்தப் பிள்ளைகளுக்கு என்று அவர்கள் கட்டியது வேறு. கொடைக்கானலில் 1901இல் மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அப்படிப்பட்டது. சமவெளி வெயிலில் ஊழியம் செய்தவர்களுக்கு அது தேவைப்பட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘நம் பிள்ளைகள் நம் பள்ளியில்’ என்று சகோதரி முழங்கும்போது எந்தப் பாரம்பரியத்தைப் பிடித்துக்கொள்கிறார்? கெத்தியையா, கொடைக்கானலையா? இன்று படிப்புக்கு வழியில்லாத பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே நிற்பதுதான் மிஷனரி வேலை என்றால், அந்தப் பிள்ளை அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது.

எதிரணியில் யாரும் வாய் திறக்காத விஷயம் பணம். சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் ஆனதன் பிறகு இலங்கையிலிருந்து வந்து, டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்திலும் தனியார் தோட்டங்களிலும் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீட்டில் குடியேறிய குடும்பங்கள் நம் சபையிலும் உண்டு. அம்மா தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறாள், அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக்குப் போகிறார். பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், டை, பெல்ட், ஷூ, ஸ்வெட்டர் என்று கூட்டிப் பாருங்கள். பனி விலகாத காலையில் அந்த வேன் கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று வருவதற்குள் வெறும் வயிற்றோடு ஏறிய பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி வாந்தி எடுக்கிறது. லயனுக்குக் கீழே நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளியில் அந்நேரம் சூடான உப்புமா பரிமாறுகிறார்கள். 2022இல் தொடங்கி மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் அது. வழியில் காட்டெருமை நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது. அது வேன் ஏறும் இடத்திலும் நிற்கிறது.

தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று 2009இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் திருச்சபைப் பள்ளி போன்ற சிறுபான்மைப் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது லயன் வீட்டுக் கிறிஸ்தவப் பிள்ளை அயலாரின் தனியார் பள்ளியில் அந்த இடத்தைக் கேட்கலாம், நம் திருச்சபைப் பள்ளியில் உரிமையாகக் கேட்க முடியாது. சிரிப்பதா அழுவதா?

இன்னொன்று. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்கள் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதிக்குரிய ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த விலை அது. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் வரை நீண்டது. அது நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்பதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தாய் என்றுதான் கேட்கிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, அந்தக் கேள்விக்குத் தவறான பதிலை நாமே வாங்கிக்கொள்கிறோம்.

ஆங்கிலத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன. தரம் போதாது என்கிறீர்களா? ஒத்துக்கொள்கிறேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று நானே ஓடியிருக்கிறேன். மழைக்காலத்தில் கழிப்பறைக்குக் குடை பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூரை ஒழுகினால் தாய் ஒருத்தி எழுந்து தீர்மானம் போடலாம். திருச்சபைப் பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்கு நாற்காலி எங்கே? சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்தின் தேர்தலில் யார் ஜெயித்தாரோ அவர் சொல்வதுதான். ஆயர் ஐயா புன்னகைக்கிறார். இதற்கு மேல் போக மாட்டேன்.

ஆயுத பூஜைப் பொரிக்குப் பயப்படும் பெற்றோரும் உண்டு. அரசுப் பள்ளியில் சமய போதனை கூடாது என்று அதே 28ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள், நான் பேசியிருக்கிறேன். மற்றபடி, பக்கத்துப் பெஞ்சுத் தோழி நீட்டிய ஒரு பிடி பொரியில் கரைந்துபோகும் விசுவாசத்தை வீட்டில் வளர்த்தது யார்?

அரசு உதவி பெறும் மிஷன் பள்ளிகளை நான் எதிர்க்கவில்லை. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது. பாதி அரசுப் பள்ளிதான் அது. என் வழக்கு, சிலுவையை முகப்பில் வைத்துக் கட்டணப் பட்டியலை உள்ளே வைத்திருக்கும் பள்ளிகளோடு.

நடுவர் மணியைத் தொடுகிறார். எதிரணித் தலைவர் அடுத்துப் பேசப்போகிறார். அவரிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். அவர் மெச்சும் அந்தப் பள்ளியில் நம் சபையின் லயன் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் கட்டணமில்லாமல் படிக்கிறார்கள்? எண்ணை மட்டும் சொல்லட்டும். வணக்கம்.