தட்டுகிற கையோடு சேர்ந்து தட்டுங்கள்

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வணக்கம்.

ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறுவிதமாக அமையும் வளர்ச்சி நிலை, உள்ள ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து மரக்கட்டையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. அந்தக் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட நமக்குக் கை பரபரக்கும். வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அதே வேகத்தில் நீங்களும் தட்டுங்கள். குழந்தை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். ஓரக்கண்ணால் ஒரு பார்வை வரலாம். வராவிட்டால் நாளைக்கும் உட்காருங்கள்.

இசையால் குழந்தையை நெருங்கும் இந்த வழியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. பால் நார்டாஃப் என்ற இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்புக் கல்வி ஆசிரியரும் 1959-இல் இங்கிலாந்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். குழந்தையின் அழுகைக்குக்கூடச் சுருதி சேர்த்துப் பியானோ வாசித்தார் நார்டாஃப். அழுகையை அடக்க நினைக்காமல் அதற்குத் துணை போனார் பாருங்கள், அதுதான் என்னைத் தொட்டது.

சரி, இசை ஆட்டிசத்தைக் குணப்படுத்துமா? அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஐந்து மாதம் இசை சிகிச்சை சேர்த்துப் பெற்றவர்களுக்கும் வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களுக்கும் அறிகுறி மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. என் குழந்தையோடு பத்து நிமிடம் ஒன்றாக இருந்தேன் என்று ஒரு தாய் சொல்வதை அந்த மதிப்பெண் அளப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். தினமும் பாடும் பாட்டில் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் எல்லோரும் மூன்றிலேயே அவசரப்பட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் ஒரு சொல்லோ, வெறும் முனகலோ, ஒரு கையசைவோ வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பாட்டைத் தொடருங்கள். பேசாத குழந்தைக்கும் இதில் இடம் உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ள, அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குழந்தை ஓடிக்கொண்டே பாடினால் ஓடட்டும், உட்காரச் சொல்லாதீர்கள்.

அப்புறம், காதைப் பொத்தும் குழந்தை. நமக்கு இதமாக இருக்கும் ஒலி அதற்கு வலியாக இருக்கலாம். கையை விலக்கிவிட்டுக் கேட்க வைக்காதீர்கள். நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த பாட்டாக இருந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.