வெளிச்சத்தைத் தேடினார், ஹார்மோன் கிடைத்தது

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம். தாவர ஆய்வாளர் ஜோஆன் கோரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முளைப்பாரி எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊறவைத்த பயறுகளை ஓட்டில் பரப்பி, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். மாரியம்மன் கோவிலுக்குத் தலையில் தூக்கிப்போகும் நாளில் பயிர் வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும். அதே பயறை வெயிலில் போட்டிருந்தால் குட்டையாக, பச்சையாக, தண்டு உறுதியாக வந்திருக்கும். விதை ஒன்றுதான். இருட்டில் முளைத்த விதைக்கு, தான் இன்னும் மண்ணுக்கடியில் இருக்கிறோம் என்றுதான் கணக்கு. கையிருப்பை எல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கிறது. இலை விரிப்பதும் பச்சையம் செய்வதும் வெளிச்சம் கண்ட பிறகுதான்.

அதுவரை பொறு என்று விதைக்குள் சொல்வது எது? 1980களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஜோஆன் கோரி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1955இல் லெபனான் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியில் உயிரியல் படித்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1984இல் முனைவர் பட்டம் வாங்கினார். தாவரவியலில் அல்ல, நுண்ணுயிரியலில். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாதான் அவருடைய ஆய்வுப்பொருள். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பிரெடரிக் ஆசுபெல்லின் ஆய்வகத்துக்குப் போன இடத்தில்தான் செடிக்கு மாறினார்.

இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பாக்டீரியா மரபியல் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்த வேலை கெட்டுப்போன உயிரியைத் தேடிப்பிடிப்பார்கள். அன்றைய தாவர ஹார்மோன் ஆய்வு பெரும்பாலும் மருந்தைத் தெளி, என்ன ஆகிறது பார் என்ற வழியில் போய்க்கொண்டிருந்தது. கோரி தன் பழைய பழக்கத்தையே செடிக்குக் கொண்டுவந்தார். அதற்குத் தோதாக அராபிடாப்சிஸ் இருந்தது. கடுகுக் குடும்பத்துக் களை. ஆறேழு வாரத்தில் விதைக்கு வந்துவிடும். உணவுக்கும் ஆகாது, தீவனத்துக்கும் ஆகாது. இந்தக் களையை வைத்து விவசாயத்துக்கு என்ன பயன் என்று கேட்டவர்கள் அன்று நிறைய.

விதைகளை மரபணுவைச் சிதைக்கும் வேதிப்பொருளில் ஊறவைத்து, அவற்றின் அடுத்த தலைமுறையைத் தட்டில் இட்டு இருட்டில் முளைக்க வைத்தார்கள். தட்டைத் திறந்தால் மஞ்சள் நூல் நூலாக நாற்றுகள், ஒவ்வொன்றின் தலையும் கொக்கி போல வளைந்து, இரண்டு வித்திலைகளும் மூடியபடி. அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒன்று மட்டும் கட்டைகுட்டையாக, கொக்கி இல்லாமல், வித்திலைகளை விரித்துக்கொண்டு நிற்கும். வெளிச்சமே பார்க்காத செடி வெளிச்சத்தில் வளர்ந்த மாதிரி நடந்துகொள்கிறது! இவற்றுக்கு 'டெட்' என்று பெயர் வைத்தார்கள். இருட்டிலும் வெளிறி நீளாதது என்ற பொருளில் வரும் 'டி-எட்டியோலேட்டட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. டெட்-1 பற்றிய கட்டுரை 1989இல் வந்தது. அதற்குள், 1988இல், கோரி கலிபோர்னியாவில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அங்கேதான்.

டெட்-2 கதைதான் நம் பேச்சுக்கு உரியது. கெட்டுப்போனது வெளிச்சத்தை உணரும் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. 1996இல் அந்த மரபணு கையில் கிடைத்தபோது, அது பாலூட்டிகளில் இருக்கும் ஒரு நொதியின் சாயலில் இருந்தது. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான வடிவமாக மாற்றுகிற நொதி அது. வழுக்கைக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை தடுப்பதும் அந்த நொதியைத்தான். செடிக்கு எதற்கு ஸ்டீராய்டு நொதி?

செடியில் ஸ்டீராய்டு இருப்பது அப்போதே தெரியும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் தேனீக்கள் சேர்த்த, ரேப் என்ற எண்ணெய்வித்துச் செடியின் மகரந்தம் சுமார் 227 கிலோவை வடித்து, பிராசினோலைடு என்ற ஸ்டீராய்டை 4 மில்லிகிராம் அளவுக்கு 1979இல் பிரித்திருந்தார்கள். ஆனால் அது செடிக்கு உண்மையிலேயே ஹார்மோன்தானா என்பதில் பலருக்குச் சந்தேகம். பக்கத்திலேயே இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ட்ரெவர் மெக்மோரிஸ் என்ற வேதியியலர் அந்தப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்துவந்தார். அதைக் கொடுத்ததும் டெட்-2 குட்டைச்செடி சாதாரணச் செடியாக வளர்ந்தது. ஆக, டெட்-2இல் கெட்டிருந்தது இந்த ஸ்டீராய்டைச் செய்யும் நொதி; செடி வளர இந்த ஹார்மோன் வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் சாபா கொன்ச் குழுவும் அதே ஆண்டு வேறொரு மரபணு வழியாக அதே முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு கோரியின் குழு அந்த நொதியைச் செய்யும் மனித மரபணுவையே டெட்-2 செடிக்குள் வைத்துப் பார்த்தது, செடி தேறிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

அடுத்த கேள்வி, இந்த ஹார்மோன் வந்திருப்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்பது. பிராசினோலைடைக் கொடுத்தாலும் தேறாத குட்டைச்செடிகளைத் தேடினார்கள். ஆய்வாளர் ஜியான்மிங் லியும் கோரியும் பிடித்தவை 18. பதினெட்டிலும் பழுது ஒரே மரபணுவில், பி.ஆர்.ஐ.1 என்பதில். ஹார்மோனைப் பிடித்து உணரும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர்; இந்த மரபணு செய்வது ஓர் ஏற்பியைத்தான். நம் உடலின் ஸ்டீராய்டு ஏற்பிகள் பெரும்பாலும் செல்லுக்குள்ளே இருப்பவை. செடியில் இது செல்லின் வெளிச்சவ்வில் உட்கார்ந்து, வெளியே ஹார்மோனைப் பிடித்து, உள்ளே சேதி அனுப்புகிறது. அந்த ஏற்பி ஹார்மோனைப் பிடித்திருக்கும் வடிவத்தை மைக்கேல் ஹோதோர்னும் கோரியும் 2011இல் வெளியிட்டார்கள். இன்னொரு குழுவும் அதே வேளையில் வெளியிட்டது.

குட்டைச்செடியால் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். ஐ.ஆர்.8 நெல் சாயாமல் நின்றதே குட்டையாக இருந்ததால்தான். அதில் குறைவது ஜிப்ரலின் என்ற வேறொரு ஹார்மோன். கிழக்கு ஆசியாவில் பழங்காலமாகப் பயிராகும் 'உசு' வகைக் குட்டை பார்லியில் பழுதானதோ பி.ஆர்.ஐ.1இன் பார்லி வடிவமேதான். நம்மூர் பூச்சிமருந்துக் கடையில் 'ஹோமோபிராசினோலைடு 0.04 சதவீதம்' என்று லேபிள் ஒட்டிய பாட்டிலும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான்.

விருதுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டுக்கான பிரேக்த்ரூ பரிசு, 30 லட்சம் டாலர். 2024இல் வேளாண்மைக்கான உல்ஃப் பரிசு. எலியட் மெயரோவிட்ஸ், இந்தியாவில் பிறந்த வெங்கடேசன் சுந்தரேசன் இருவருடனும் பகிர்ந்துகொண்டது. 2004இலேயே அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்துவிட்டது. இருபது ஆண்டு அதோடுதான் ஆய்வகம் நடத்தினார்.

கடைசிக் காலத்தில் அவர் எடுத்த வேலை கரியமில வாயு. செடிகள் ஆண்டுதோறும் காற்றிலிருந்து எடுக்கும் கரி, அதாவது கார்பன், மனிதர்கள் எரித்து வெளியேற்றுவதைப்போலப் பல மடங்கு. ஆனால் செடி மக்கியதும் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடுகிறது. தக்கையில் இருக்கும் சூபரின் என்ற பொருள் லேசில் மக்காது. வேர் ஆழமாகப் போய், சூபரின் அதிகம் சேர்த்தால் கரி மண்ணிலேயே தங்கும் என்பது அவர் வாதம். 2019இல் இந்தத் திட்டத்துக்கு மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் நிதி திரண்டது.

எனக்கு இதில் ஐயம் உண்டு, மறைக்கவில்லை. சூபரினும் ஒருநாள் மக்கத்தான் செய்யும். வேருக்குப் போகும் சத்து கதிருக்குப் போவதில் குறையுமா, எந்த மண்ணில் எத்தனை ஆண்டு தங்கும் என்பதெல்லாம் வயலில் பார்த்தால்தான் தெரியும். அவரும் மரபணுவோடு நிறுத்தாமல் நெல், கோதுமை, சோயா என்று பயிர்களுக்கே போகச் சொன்னார். 2024 நவம்பரில், 69 வயதில் காலமானார். வயல் சோதனைகளை அவர் குழுவினர் தொடர்கிறார்கள்.

மாணவர்கள் பின்வரிசையில் கை தூக்கியதைப் பார்த்தேன். கேளுங்கள்.