ஒன்றரை டம்ளர் வயிறு

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் அன்பான வணக்கம்.

மதுரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்த்து வருகிறேன். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அன்றாடம் குடிக்க என்ன கொடுக்கலாம் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். கேட்டதும் எனக்கு ஒரு பையன் ஞாபகம்தான் வந்தது.

ஒரு வயது எட்டு மாதம். கொழுகொழுவென்று இருந்தான். அம்மா, பாட்டி இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். "சோறே எறங்க மாட்டேங்குது டாக்டரம்மா, பால் மட்டுந்தான் குடிக்கிறான். செவத்தச் சொரண்டிச் சொரண்டித் திங்கிறான்" என்றார் அந்த அம்மா. நான் அவன் உள்ளங்கையை விரித்து, பக்கத்தில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அவன் கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.4. அந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறோம்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால்?" என்று கேட்டேன். பாட்டி வயர் கூடையிலிருந்து பால் பாட்டிலை எடுத்துக் காட்டி விரல் விட்டு எண்ணினார். எழுந்ததும் ஒன்று, குளிப்பாட்டியதும் ஒன்று, மத்தியானம் தூங்கப் போகும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று. 250 மில்லி பாட்டில். கூட்டினால் ஒன்றே கால் லிட்டர்.

இப்போது அந்தப் பிள்ளையின் வயிற்றை நினைத்துப் பாருங்கள். சின்னக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவை, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கு வைத்திருக்கிறோம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 300 மில்லி. நம் வீட்டு டம்ளரில் ஒன்றரை டம்ளர், அவ்வளவுதான். அதில் 250 மில்லி பாலை ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்துச் சோற்றுக் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினால் அவன் எங்கே வாங்குவான்? இடம் இல்லை. அவனுக்குப் பிடிவாதம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்திருக்கிறது. 400 மில்லி பசும்பாலிலேயே அது கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். ஆனால் அதே பிள்ளைக்கு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்தும் வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது ஏறக்குறைய அரை மில்லிகிராம்தான். போதாக்குறைக்குப் பாலில் உள்ள சுண்ணாம்பும் கேசின் என்ற புரதமும், மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாலால் பிள்ளைக்குச் சதை வைக்கிறது, ரத்தம் ஊறவில்லை. குண்டாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7 ஆக இருந்தது. எல்லாவற்றுக்கும் பாலே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் தாய்மார்களில் பலர், "பாலாவது குடிக்கிறானே" என்று ஆறுதல்பட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த ஆறுதலைக் கலைக்க எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

ஒரு வயதுக்கு முன்னால் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குப் பிறகு நாளைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி. தாய்ப்பால் இன்னும் குடிக்கிற பிள்ளைக்கு அதைவிடக் குறைவே போதும். இரண்டு வயது வரையும், அதற்கு மேலும்கூடத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாலில் தண்ணீர் கலக்க வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குள் ஆடை நீக்கிய பால் வேண்டாம். அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் தரும் இரும்புச்சத்து சிரப்பை வாரம் இருமுறை 1 மில்லி கொடுக்கச் சொல்வார்கள். அதைப் பாலோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டீ, காபி விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. தாத்தா டீ குடிக்கும்போது மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தொட்டுத் தின்கிற பிள்ளை, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். தேயிலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலிருந்து வரும் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஐந்து வயது வரை டீயும் காபியும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஜூஸ். காய்ச்சலாக வார்டில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள், வாசல் கடையில் பத்து ரூபாய் மாம்பழ பாக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். பாசத்தில்தான் வாங்குகிறார்கள். அப்படி வந்த ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம் என்று போட்டிருந்தது. 125 மில்லி குடித்தால் 16 கிராம், நாலு டீஸ்பூன் சீனி. நம் கையால் ஒரு டம்ளர் பாலில் நாலு டீஸ்பூன் சீனி போடுவோமா?

வீட்டில் பிழிந்தது என்றால் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது வரை பழச்சாறே வேண்டாம் என்றுதான் இருக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளைக்கு 125 மில்லிக்கு மேல் போகக் கூடாது. பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும், இனிப்பு மட்டும் டம்ளருக்கு வரும். சாத்துக்குடியைச் சுளையாக உரித்து, கொட்டை எடுத்து, தோல் நீக்கிக் கையில் கொடுங்கள். சாப்பாட்டோடு கொடுத்தால் அதில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சேர உதவும்.

பாலில் கலக்கும் பவுடர்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். எந்தப் பொருள் அளவில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று வந்தால் அது இனிப்புப் பவுடர்தான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்க வேண்டாம் என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. காரணம், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. அந்தக் காசுக்கு வாரத்தில் நாலு முட்டை கூடுதலாக வாங்கலாம்.

சரி, என்னதான் கொடுப்பது? முதலில் தண்ணீர். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர். விளையாடி வியர்த்து வரும்போது, சாப்பாட்டுக்கு நடுவில், தூங்கி எழுந்ததும் இரண்டு மூன்று வாய். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பழகாத பிள்ளைகள் இப்போது அதிகம் வருகிறார்கள். "தண்ணி குடிக்க மாட்டான், கலர் இருந்தாத்தான் குடிப்பான்" என்று மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் நீர்மோர். மிளகாய் சேர்க்காமல், உப்பு தொட்டும் தொடாமலும் போட்டு, கொஞ்சம் கறிவேப்பிலை கசக்கிப் போட்டு வடிகட்டிய மோர். சித்திரை வெயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்? இளநீர் கண் எதிரே வெட்டியதாக இருந்தால் கொடுக்கலாம், பாதி போதும். பதநீரில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு வாய் என்றால் தப்பில்லை.

கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. நம் பாட்டிமார் கொடுத்தது வீணில்லை. ஆனால் இப்போது அந்தக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, பால் பாட்டிலில் ஊற்றி, ரப்பரின் ஓட்டையைக் கத்தரியால் பெரிதாக்கிக் கொடுக்கிறார்கள். ஒன்றரை டம்ளர் வயிற்றில் முக்கால்வாசி தண்ணீரே போகிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கஞ்சி ஓடக் கூடாது, மெல்ல நழுவ வேண்டும். அந்தப் பதத்தில் காய்ச்சிக் கிண்ணத்தில் வைத்து ஊட்டுங்கள். கேழ்வரகை முளைகட்டிக் காய வைத்து அரைத்தால் இன்னொரு வசதி உண்டு. முளைக்கும்போது வரும் நொதி மாவின் பசைத்தன்மையைக் குறைத்துவிடும். அதனால் கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி கட்டியாகாது. அதே ஒன்றரை டம்ளருக்குள் சத்து அதிகமாகப் போகும். பருப்புத் தண்ணி கொடுக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: தெளிவை விடுங்கள், அடியில் இருக்கிற பருப்பை மசித்துக் கொடுங்கள்.

பாட்டில் என்றதும் பல் ஞாபகம் வருகிறது. வாயில் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைகளுக்கு மேல் வரிசை முன்பற்கள் பழுப்பாகி, கரைந்து, ஈறோடு நின்றுபோவதைப் பார்க்கிறேன். ராத்திரி முழுக்கப் பால் பல்லில் தேங்கி நிற்பதால் வருவது அது. பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1992-இலிருந்து இருக்கிறது. சங்கிலும் பாலாடையிலும் கொடுத்து வளர்த்த ஊர் இது. ஒரு வயதிலேயே சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொடுங்கள். சட்டையெல்லாம் நனைப்பான். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

அந்தப் பையன் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். முதல் வாரம் ராத்திரியெல்லாம் அழுதான் என்று பாட்டி சொன்னார். பகல் பாட்டிலை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியாக ராத்திரிப் பாட்டிலை நிறுத்தினார்கள். பால் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று குறைந்தது. நான் இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது மாதம் வந்தபோது ஹீமோகுளோபின் 10.8. முருங்கைக்கீரையும் முட்டையும் பிசைந்த சோற்றைத் தானே அள்ளித் தின்கிறான் என்றார்கள். சுவரைச் சுரண்டுவதும் நின்றிருந்தது.

கடைசியாக ஒன்று. வயிற்றுப்போக்கு வரும்போது எதைக் குடிக்கக் கொடுப்பது என்பதில் பெரிய குழப்பம் நடந்தது. ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். அந்தப் பெயரோடு டெட்ரா பாக்கெட்டில் வந்த பானங்கள் பலவற்றில் இருந்தது இனிப்புத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே தள்ளும், பேதி அதிகமாகும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடங்களாக இதற்காகத் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில், அந்த அளவில் இல்லாத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஒரு சக மருத்துவராக அவருக்கு இந்த ஒலிவாங்கி வழியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். பாக்கெட் முழுவதையும் அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், ஒரே தடவையில் கலக்குங்கள். பாதியைக் கலந்து மீதியை மடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி. கலக்கியது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். பிள்ளை கண் குழி விழுந்து, துவண்டு, குடிக்கவே முடியாமல் கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு திறந்துதான் இருக்கும்.

வணக்கம்.