நாளேடும் பேரேடும் ஒன்றாகப் போகட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கூட்டுறவுச் சங்கம், வைத்தியசாலை, பாடசாலை என்று யாழ்ப்பாணத்தில் கணக்கும் பதிவும் தரவுத்தளத்துக்குள் போகாத இடம் இன்று அரிது. அந்தத் தரவுத்தளம் ஓடும் மையக் கணினியான சேவர் அழிந்துபோனால், இன்னோர் ஊரிலிருந்து அதை எழுப்புவதற்கு முன்கூட்டியே என்ன செய்யவேண்டும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். சேவர்களைப் பராமரிப்பது என் தொழில்.

ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நேரும் என்பதை, 1981இல் பொது நூலகம் எரிந்த இந்த ஊருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளத்தைப் பார்த்தோம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டையும் பார்த்தோம். ஆகவே இரண்டாவது இடம் வேண்டும் என்பதில் வாதமில்லை. இங்குள்ள வட்டில் எழுதப்படுவது வவுனியாவிலோ கொழும்பிலோ உள்ள வட்டிலும் எழுதப்படும் வசதியைப் பல நிறுவனங்கள் வாங்கியும் விடுகின்றன. ஆனால் பிரதி எடுக்கும் அந்தக் கருவிக்கு, வட்டில் இருப்பது தரவுத்தளமா, கலியாணப் படங்களா என்று தெரியாது. தெரிந்து ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் நாம்தான்.

சங்கத்தில் கணக்கு எழுதியவர்களுக்கு நாளேடும் பேரேடும் பழக்கம். கொடுக்கல் வாங்கல் முதலில் நாளேட்டில் ஏறும். பிறகுதான் பேரேட்டுக்குப் போகும். தரவுத்தளமும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு, ஆறுதலாகத் தரவுக் கோப்பில் சேர்க்கிறது. நடுவில் மின்சாரம் போனால், மறுபடி எழும்பும்போது பதிவுக் கோப்பை வாசித்து மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். பதிவு முந்தவேண்டும், தரவு பிந்தவேண்டும். மீட்பு முழுவதும் இந்த ஒரு நிபந்தனையில்தான் தங்கியிருக்கிறது. (பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் ரெய்ட் கார்ட்டில் பற்றரி இல்லாவிட்டால், வட்டுக்குப் போய்ச் சேராததையும் எழுதியாயிற்று என்று சொல்லி அது இதைக் கெடுக்கக்கூடும். மின்வெட்டு ஊரில் அதை முதலில் பாருங்கள்.)

வேகத்துக்காக இரண்டையும் வெவ்வேறு வட்டுகளில் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த வட்டுகள் தனித்தனியே பிரதியானால், தொலைவிலுள்ள தரவு வட்டு 10.05 மணியிலும் பதிவு வட்டு 10.03 மணியிலும் நின்றுபோகலாம். பேரேட்டில் இருக்கும் வரவுக்கு நாளேட்டில் அடையாளமே இருக்காது. அந்தத் தரவுத்தளம் திறக்க மறுக்கும். திறந்துவிட்டாலோ, ஆபத்து இன்னும் பெரிது. ஆகவே அவற்றை விற்பனையாளர்கள் கன்சிஸ்டன்சி குரூப் என்று சொல்லும் ஒரே தொகுதியில் சேர்க்கவேண்டும். அப்போதுதான் எழுதிய வரிசை குலையாமல் எல்லா வட்டுகளும் ஒரே கணத்தில் நிற்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாவிப்பவர்கள், இடம் போதாமல் பின்னாளில் வேறு வட்டில் திறந்த டேபிள்ஸ்பேஸ்களை, அதாவது தரவுக் கோப்புகளுக்கான கூடுதல் இடங்களை, தேடிப் பாருங்கள்; மறந்துபோக மிக எளிதானவை அவை. நினைவகம் போதாதபோது கணினி தற்காலிகமாக எழுதும் ஸ்வாப்பைப் பிரதியாகாத தனி வட்டுக்கு ஒதுக்குங்கள். நாளைக்குத் தேவைப்படாததை அனுப்பி இணைப்பை ஏன் நிரப்பவேண்டும்?

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். கொழும்பு வரை 400 கிலோமீற்றர் என்று வைத்தால், போய்வரக் குறைந்தது 4 மில்லிசெக்கன். அங்கே எழுதிய பிறகே இங்கே 'சரி' என்று சொல்லும் முறையில், ஒவ்வொரு பதிவும் அவ்வளவு நேரம் காத்திருக்கும். இணைப்பு அறுந்தால் இங்கே வேலையே நின்றுவிடவும் கூடும். எங்கள் சிறிய அலுவலகங்களுக்கு, இங்கே உடனே 'சரி' சொல்லிவிட்டு அங்கே பின்தொடர்ந்து எழுதும் முறையே பொருந்தும் என்பது என் கருத்து. அதில் கடைசிச் சில நிமிடப் பதிவுகள் போகலாம். எத்தனை நிமிடம் பொறுக்கலாம் என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்கவேண்டும், கணினிக்காரர் அல்ல.

பலர் கவனிக்காத இன்னொன்று, பெயர் வரிசை. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நிரலகமான கிளிப்சி, 2018இல் வந்த 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளைப் பெருமளவில் மாற்றியது. விரைவாகத் தேடுவதற்குப் பழைய லினக்ஸில் வரிசைப்படுத்திக் கட்டிய அட்டவணைச் சுட்டியை, வட்டோடு வட்டாகப் புதிய லினக்ஸ் உள்ள சேவருக்குக் கொண்டுபோனால், போஸ்ட்கிரெஸ் அதைப் பிழையான வரிசையில் தேடக்கூடும். அங்கத்தவரின் பெயர் அட்டவணையில் இருக்கும். தேடினால் 'இல்லை' என்று வரும். உடனே யாராவது அவரை இரண்டாம் முறை பதிந்துவிடுவார்கள். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இரண்டு இடத்திலும் ஒரே லினக்ஸ் பதிப்பை வைத்திருங்கள். முடியாவிட்டால், எழுப்பியவுடன் சுட்டிகளைத் திரும்பக் கட்டுங்கள்.

பிரதியை நம்பிக் காப்பு நகலை நிறுத்திவிடாதீர்கள். இங்கே அழித்தது அடுத்த கணமே அங்கேயும் அழியும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியபோது, இணைப்பில் இருந்த காப்பு நகலும் சேர்ந்து பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுக்கு வேறு நகல் இருக்கவில்லை. வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்த நகல் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒரு போயா விடுமுறையில் வவுனியாச் சேவரை, இங்குள்ளதோடு தொடர்பைத் துண்டித்து எழுப்பிப் பாருங்கள். பயனர் கணக்குகள், நேரம் குறித்து ஓடும் வேலைகள், மென்பொருள் தேடும் சேவர் முகவரி ஆகியவை பெரும்பாலும் பிரதியான வட்டுக்கு வெளியே கிடப்பவை, அன்றைக்குத்தான் அகப்படும். கணினிப் பிரிவைச் சேராத ஒரு லிகிதரை அழைத்து, ஓர் அங்கத்தவரின் மீதியை அச்சிடச் சொல்லுங்கள். அச்சு வரும்வரை எடுத்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதி, நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள். அவர்கள் இரண்டு மணி நேரம் என்று எண்ணியிருந்தது ஒன்பது மணி நேரமாக இருந்தால், அடுத்த வருட வரவுசெலவில் எதற்குப் பணம் ஒதுக்குவது என்பதை அந்தத் தாளை வைத்தே அவர்கள் பேசலாம். நன்றி, வணக்கம்.