மூன்று விரற்கடைப் பனி

(மட்டக்களப்பில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பரீட்சை நெருங்கும் நேரத்திலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். குளிர்நாட்டில் விழும் வெண்பனியை ஒரு வாளியில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சேர்த்து உருக்கினால், கிடைக்கும் தண்ணீர் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான். மழைக்கணக்கில் சொன்னால் 10 மில்லிமீற்றர். மார்கழி மாரியில் நம் கூரையில் அரைமணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிற மழை அது. "பனி பெய்து குளம் நிரம்புமா?" என்று நம் முன்னோர் கேட்டது, தை மாத விடியலில் புல்நுனியில் நிற்கும் பனியைப் பார்த்து. அந்தக் கேள்வி வெண்பனிக்கும் பொருந்தத்தான் செய்கிறது. அப்படியானால் இவ்வளவு சொற்ப நீருக்கு இலண்டன் போன்ற மாநகரம் ஏன் நின்றுவிடுகிறது? அந்தச் செய்தியைக் கேட்டு நாம் ஏன் இங்கே நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறோம்?

2009 பெப்ரவரி 2ஆம் திகதி, திங்கட்கிழமை, நான் கிழக்கு இலண்டனில் மகளின் வீட்டில் இருந்தேன். முதல்நாள் இரவு முழுவதும் சத்தமே இல்லாமல் பெய்திருக்கிறது. நம் ஊர் மழை ஓட்டிலும் தகரத்திலும் தட்டிச் சொல்லிவிட்டு வரும். இது அப்படி அல்ல. காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படி இருந்த இடம் தெரியவில்லை. அரைச்சாண் உயரத்துக்குப் பனி. இலண்டன் பகுதியில் 18 ஆண்டுகளாகக் காணாத பனி என்றார்கள். நகரத்தின் பஸ் சேவை முழுவதுமே நிறுத்தப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன. கனடாவில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் சிரித்தான். "அண்ணா, இதற்கா ஊரை மூடினார்கள்? இங்கே இதைவிட இரண்டு மடங்கு பனியில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள்" என்றான். அந்தச் சிரிப்பு எனக்கு அன்று பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை.

ஏனென்றால், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் பூட்டாமல் காரை வீதியில் இறக்கினால் அது குற்றம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே அதுதான் சட்டம். பனி வழிக்கும் இயந்திரங்கள் தயாராக நிற்கும். இலண்டனில் எத்தனையோ ஆண்டுக்கு ஒருமுறை வருகிற பனிக்காக எவரும் இரண்டாம் சோடி டயர் வாங்கி வைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. கடுங்குளிரில் விழும் பனி உலர்ந்த மாவைப் போல இருக்கும், உதைத்தால் பறக்கும். இலண்டன் பனியோ பூச்சியம் பாகையை ஒட்டியே விழுகிறது. அரைப் பாகை ஏறினால் மழை, அரைப் பாகை இறங்கினால் பனி. ஈரமாக விழுந்து, சில்லுக்கு அடியில் நசுங்கி, பகலில் கொஞ்சம் உருகி, இரவில் கண்ணாடியாக இறுகுகிறது. வழுக்குவது அந்தக் கண்ணாடிதான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். 2014 ஜனவரி 28ஆம் திகதி அங்கே விழுந்தது வெறும் மூன்று விரற்கடைப் பனி. மதியத்தில் பெய்யத் தொடங்கியதும் பாடசாலைகளும் அலுவலகங்களும் கடைகளும் எல்லோரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பின. இலட்சக்கணக்கான வாகனங்கள் ஒன்றாக வீதிக்கு வந்தன. உப்புத் தூவ வேண்டிய லொறிகளும் அதே நெரிசலில் சிக்கிக்கொண்டன. சில்லுகள் நசுக்கிய பனி ஐஸாக இறுகியது. பல பிள்ளைகள் அன்றிரவு பாடசாலைகளிலேயே உறங்கினார்கள். சிலர் பாடசாலை பஸ்ஸிலேயே விடியும்வரை இருந்தார்கள். நெடுஞ்சாலையில் நின்ற காரில் ஒரு குழந்தை பிறந்தது. வெள்ளத்தில் ஒரே பாலத்தை நோக்கி எல்லோரும் ஒன்றாக ஓடினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

இனிப் பத்திரிகைகளின் பக்கம் வருகிறேன். 1991 பெப்ரவரியில் பிரித்தானிய ரயில்வேயின் அதிகாரி ஒருவர், ரயில்கள் ஏன் நின்றன என்று வானொலியில் விளக்கினார். அந்த முறை விழுந்தது வழக்கமான ஈரப்பனி அல்ல. மிக நுண்ணிய உலர்பனி. அது காற்றுத் துவாரங்கள் வழியே ரயில்களின் மின்மோட்டார்களுக்குள் புகுந்து அவற்றைக் கெடுத்துவிட்டது. பொறியியல்படி சரியான விளக்கம். ஆனால் தலைப்பில் ஏறியது "தப்பான வகைப் பனி" என்ற தொடர்தான். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாட்டில் சாக்குப்போக்குச் சொல்கிறவர்களைக் கேலி செய்ய அந்தத் தொடரே பயன்படுகிறது. மோட்டார் ஏன் கெட்டது என்பது யாருக்கும் நினைவில்லை. ஒரு மனிதர் நேர்மையாகச் சொன்ன உண்மையைப் பகடியாக்கினால், அடுத்த முறை விளக்கம் சொல்ல எந்த அதிகாரி வாய் திறப்பார்?

பகடி ஒரு பக்கம், அலறல் மறுபக்கம். பிரித்தானிய வானிலை நிலையம் எச்சரிக்கையை மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று நிறத்தில் தருகிறது. மஞ்சள் என்றால் பயணத்தை யோசித்துச் செய்யுங்கள் என்ற அளவுதான். சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து. அது அரிதாகவே வரும். நம் தமிழ்ச் செய்திகளுக்கு வந்து சேரும்போது இந்த நிறம் உதிர்ந்துவிடுகிறது. "உறைந்தது இலண்டன்", "பனியில் புதையும் பிரித்தானியா" என்று மட்டும் மிஞ்சுகிறது.

என் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் காலை கைத்தொலைபேசியோடு ஓடிவந்தார். மகன் இலண்டனில். காணொளியில் ஒரு பஸ் போகிறது. இருபுறமும் பஸ்ஸைவிட உயரமான பனிச்சுவர். மேலே "இன்று இலண்டனில்" என்று எழுதியிருந்தது. அது ஜப்பானின் தத்தேயாமா மலைப்பாதை. குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும் அந்தப் பாதையை ஆண்டுதோறும் ஏப்ரலில் பனியை வெட்டித் திறப்பார்கள்; அந்தச் சுவரைப் பார்க்கவே உல்லாசப் பயணிகள் போவார்கள். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தாய் மகனுக்கு மூன்று முறை அழைத்துவிட்டார். வேலைநேரம், மகன் எடுக்கவில்லை. பிரஷர் குளிசை போட்டுக்கொண்டு என் வீட்டு விறாந்தையிலேயே இரண்டு மணி நேரம் இருந்தார். மகன் பிறகு அழைத்துச் சொன்னது, கார்க் கண்ணாடியில் ஒரு படலம் படிந்திருந்தது, சுரண்டிவிட்டு வேலைக்குப் போனேன் என்று. அந்தக் காணொளியைப் போட்டவருக்கு இந்த இரண்டு மணி நேரம் தெரியுமா?

அதற்காகப் பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் மகளின் வீதியில் நடந்ததைச் சொல்கிறேன். பனி விழுந்த அன்று பிள்ளைகள் சட்டித் தட்டில் இருந்து சறுக்கி விளையாடினார்கள். தொலைக்காட்சி நிருபர் முழங்காலில் இருந்து அடிமட்டத்தால் பனியை அளந்து காட்டினார். மூன்றாம் நாள் பனி பாதி கரைந்துவிட்டது, செய்தியிலிருந்தும் போய்விட்டது. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு, வாழைச்சேனையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி, துப்புரவு வேலைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். நடைபாதையில் ஈரம்போலத்தான் தெரிந்ததாம். கால் வைத்ததும் வழுக்கியது. கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை வேலை இல்லை, சம்பளமும் இல்லை. நான் பார்க்கப் போனபோது, கைக்கட்டோடு இடக்கையால் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பிரதான வீதிகளுக்கு உப்புப் போடுகிறார்கள். உப்பு, தண்ணீர் உறையும் நிலையைக் கீழே இறக்குகிறது. வாகனச் சில்லுகள் அதை அரைத்துப் பரப்பினால் நன்றாக வேலை செய்யும். ஆனால் சிறு ஒழுங்கைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் அந்த உப்பு கடைசியாகத்தான் வரும். அங்கேதான் விடியலில் நடக்கிறவர்கள் நம் பிள்ளைகள்.

சனத்தின் பயம் நினைவிலிருந்து வருவது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு இந்த மண்ணைச் சூறாவளி அடித்தது. 900க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று முதல் கார்த்திகையில் காற்று கொஞ்சம் இரைந்தாலும் எங்கள் வயதினர் கூரையைப் பார்ப்போம். வெளியூரான் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, கடற்கரைச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு உள்நோக்கி ஓடியது. பெரிய அலை வரவில்லை. ஆனாலும் அன்று எச்சரித்ததும் சரி, ஓடியதும் சரி. என் கவலை வேறு. கார்க் கண்ணாடியில் படிந்த படலத்துக்கும் "பேரழிவு" என்று எழுதிப் பழகினால், உண்மையாகவே ஓடவேண்டிய நாளில் எந்தச் சொல்லைக் கொண்டு சனத்தை எழுப்புவோம்? செய்தித்துறைக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். எத்தனை சென்ரிமீற்றர், எந்த ஊர், எந்த நிற எச்சரிக்கை, படம் எடுத்த நாள் எது என்று கேட்காமல் ஒரு வரியையும் வெளியிடாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தாய்மார்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்கு அழைக்கும்போது "ஸ்னோ கொட்டுகிறதாமே" என்று தொடங்காதீர்கள். அவர்கள் "ஒன்றுமில்லை அம்மா" என்றுதான் சொல்வார்கள். விடிய எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறாய், தரிப்பிடம் வரைக்கும் உப்புப் போட்டிருக்கிறார்களா, சப்பாத்தின் அடி தேய்ந்துவிட்டதா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அம்மா இந்த முறை மகனிடம் அப்படித்தான் கேட்டார். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லையாம். பிறகு மகன் சொல்லியிருக்கிறான்: "ஒழுங்கை முழுக்க ஐஸ்தான் அம்மா. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போகிறேன்."

நன்றி, வணக்கம்.