மலைக்கு வண்டி வராத நாளும் கிளாக்கோமா வந்த கண்ணும்

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை. மழை. வளைவில் சரிந்து கிடக்கும் மண்.]

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி மழையில் ஏதோ ஒரு வளைவில் மண் சரிந்தால் போதும், மேலே கடைகளில் காய்கறி தீர ஆரம்பிக்கும். கரண்ட் இருக்கும், போன் பேசலாம், வண்டி மட்டும் வராது. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் நோய்தான் கிளாக்கோமா. அது வந்த கண்ணுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

[படம்: விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு.]

விழித்திரையில் உள்ள கேங்லியான் செல் என்ற நரம்பு செல் ஒவ்வொன்றும் நூல் போன்ற ஒரு வாலை மூளை வரை நீட்டியிருக்கிறது. இப்படி ஏறத்தாழ 10 லட்சம் நூல்கள் சேர்ந்த கட்டுதான் பார்வை நரம்பு. பார்த்தது கண்ணிலிருந்து மூளைக்குப் போகிறது. சரி, அது தெரிந்ததுதான். அதே நூலில் எதிர்த்திசையிலும் சரக்கு வருகிறது. பிடிஎன்எஃப் என்ற புரதம். 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நூலின் மூளைப்பக்க நுனி இதைப் பிடித்து, குட்டிப் பையில் கட்டி, செல்லுக்கு அனுப்புகிறது. செல்லுக்குள் தன்னையே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. இந்தப் புரதம் வந்துகொண்டிருக்கும்வரை அதற்குப் பூட்டு.

[படம்: நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம், மிக நெருக்கத்தில்.]

இங்கே சல்லடை மாதிரி ஒரு திசு. கண் அழுத்தம் ஏறினால் இது பின்னுக்கு வளைந்து, ஓட்டைகளில் நுழைந்து போகும் நூல்களை நெரிக்கிறது. மண்சரிவு இதுதான். பைகள் அங்கேயே தேங்குகின்றன. செல்கள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரும்பாலும் வலியே இருக்காது. என் பெரியப்பா மிளகு பறிக்கும் ஏணியில் இரண்டு முறை தோளை இடித்துக்கொண்ட பிறகுதான், அவருக்கு ஓரப்பார்வை போனதே வீட்டில் தெரிந்தது.

அப்போ புரதத்தை நேராகக் கண்ணுக்குள் ஊசி போட்டால்? எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். சாவு தள்ளிப்போனது, நிற்கவில்லை. ஹெலிகாப்டரில் ஒரு தடவை மூட்டை போட்டால் எத்தனை நாள் வரும்?

[படம்: அரிசி மணி அளவில் ஒரு குப்பி.]

அதனால் வேறு வழி பிடித்தார்கள். இந்தக் குப்பிக்குள் இருப்பது உயிருள்ள செல்கள். சிஎன்டிஎஃப் என்ற இன்னொரு காப்புப் புரதத்தைக் கண்ணுக்குள்ளேயே இருந்து விடாமல் சுரக்கும். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது மேக்டெல் என்ற விழித்திரை நோய்க்கு. ‘கிளாக்கோமாவுக்கு மருந்து வந்தாச்சு’ என்று தம்ப்நெயில் போடுகிறவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பெரியப்பா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்தில் இந்தப் புரதம் எதுவும் கிடையாது. அது அழுத்தத்தை இறக்குகிறது, அவ்வளவுதான். போன செல் போனதுதான். மிச்ச நூல்கள் நெரிபடக் கூடாதே என்றுதான் அந்தச் சொட்டு.